மூலையில் நிற்பவன்

2013ஆம் ஆண்டு. இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு வகுப்பில் புறத்திணைகளை நடத்திக்கொண்டிருந்தேன். தொல்காப்பியர் புறத்திணை ஏழு என்கிறார். பின்னால் வந்த ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் அதைப் பன்னிரண்டாக விரிக்கிறார். ஆநிரையைக் கவரச் செல்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை. மதிலை முற்றுவது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. தொல்காப்பியத்தில் கரந்தைக்கும் நொச்சிக்கும் தனித் திணை கிடையாது. மீட்பவன் வெட்சிக்குள் அடங்கிவிடுகிறான், காப்பவன் உழிஞைக்குள். இதைக் கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"ஐயா, அடிக்கப் போறவனுக்குத் தனிப் பேரு இருக்கு. காத்து நிக்கிறவனுக்கு ஒண்ணுமே இல்லையா?"

வகுப்பு சிரித்தது. ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பதால் தொல்காப்பியர் இரண்டையும் ஒன்றாகக் கண்டார் என்று பாடப்புத்தகப் பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். பையனுக்கு அது நிறைவளிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்தக் கேள்வி இலக்கணத்திலிருந்து வந்ததல்ல, கபடி ஆடுகளத்திலிருந்து வந்தது என்பதைச் சில வாரங்கள் கழித்துத்தான் அறிந்தேன்.

பையன் திருமழிசைக்காரன். பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகும் சாலையில் உள்ள இந்த ஊரைப் பலர் ஆழ்வார் அவதரித்த தலமாக அறிவர். 2020இல் பெருந்தொற்றின்போது கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தையைச் சில மாதங்கள் இங்கே மாற்றியதால் சென்னைவாசிகள் பலருக்கும் பெயர் பரிச்சயமாயிற்று. எங்களைப் போல இங்கேயே குடியிருப்பவர்களுக்கு இது சிட்கோ தொழிற்பேட்டையின் ஷிப்டு சங்கும், மனைப்பிரிவுக் கற்களும், அவற்றுக்கிடையே எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கும் ஓரிரு திடல்களும் சேர்ந்த ஊர். பிரம்புத் தூற்றின் அடியில் கேட்பாரற்றுக் கிடந்த குழந்தையைப் பிரம்பு வெட்டப் போனவர் எடுத்து வளர்த்தார், அவரே திருமழிசையாழ்வார் என்பது குருபரம்பரைக் கதை. கவனிக்கப்படாதவர்களைப் பற்றிப் பேச இந்த ஊர் பொருத்தமானதுதான்.

* * *

நம்மில் பலர் கபடியைப் பாடிப் போகிறவனின் ஆட்டமாகவே அறிந்திருக்கிறோம். தனியொருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுவர் நடுவே புகுந்து தொட்டுவிட்டு மீள்கிறான். அதில் வீரம் இருக்கிறது, நாடகம் இருக்கிறது. சினிமாவுக்கு அது போதும். 'கில்லி' (2004) வந்த காலத்தில் எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேரும் பாடிப் போகவே ஆசைப்பட்டார்கள். மூலையில் நிற்க யாரும் முன்வரவில்லை. ஓடத் தெரியாதவனையும் வயதில் சின்னவனையும் பிடித்துத் தள்ளி மூலையில் நிறுத்துவார்கள்.

ஆனால் ஆட்டத்தின் கணக்கு வேறு. ரைடு என்பது 30 விநாடி. ஆடவர் ஆடுகளத்தில் ஒரு பாதி என்பது 10 மீட்டர் அகலம், ஆறரை மீட்டர் ஆழம். அந்த இடத்துக்குள் நிற்கும் எழுவரில் எவரும் தனித்து நின்றால், நல்ல ரைடரிடம் பத்தில் எட்டு முறை தோற்பார். அதனால்தான் கைகோத்து நிற்கிறார்கள். ஆடுகளத்தில் இதைச் 'செயின்' என்பார்கள்; சங்கிலி. பார்ப்பவருக்குக் கைகோத்தல் வலுவைக் கூட்டுவதற்கென்று தோன்றும். அந்த மாணவன்தான் எனக்கு வேறு விதமாக விளக்கினான்: "கையப் புடிச்சிருந்தா பக்கத்துல இருக்கறவன் எப்பப் பாயப் போறான்னு பாக்காமலேயே தெரிஞ்சிடும் ஐயா." கண்ணை ரைடரின் காலிலிருந்து எடுக்க முடியாது. ஆகவே கூட்டாளியின் எண்ணத்தைக் கைவழியே அறிய வேண்டும்.

மூலையில் நிற்பவர் கார்னர். ரைடர் உள்ளே ஆழமாக வந்து காலை நீட்டும் கணத்துக்காகக் குனிந்து காத்திருப்பார், கணுக்காலைப் பற்றுவார். பற்றுவது மட்டும்தான் அவர் வேலை. பற்றிய அதே நொடியில் கவர் இடத்தில் நிற்பவர் பாய்ந்து நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியை அடைக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால் ரைடர் கார்னரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிடுவார். அரை நொடி முந்தினால் ரைடர் எச்சரிக்கையாகிவிடுவார். எல்லோரும் ஒருசேரப் பாய்ந்தால் ஒரே ரைடில் மூன்று பேர் வெளியே போக நேரும். ஆக, ஒவ்வொருவருக்கும் சின்னதாக ஒரு வேலை, அதற்கென்று ஒரு கணம்.

இந்த ஏற்பாட்டுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும்? வேகம் கட்டாயமில்லை. உயரமும் அப்படித்தான். குட்டையான, கனத்த உடம்புக்காரன் தாழ்ந்து பிடிக்க வசதியானவன். பொறுமையும், இறுகிய மணிக்கட்டும், பக்கத்தில் நிற்பவன் மீது நம்பிக்கையும் வேண்டும். பள்ளி விளையாட்டு விழாவில் எந்தப் பந்தயத்திலும் பரிசு வாங்கியிராத பையனுக்கு இவை மூன்றும் இருக்கக்கூடும். அமைப்பு அவனுடைய குறைகளை மறைத்து, அவனிடமிருக்கும் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் நாற்பதைக் கடந்த வயதில் கார்னராக நின்று, 2016இல் பாட்னா பைரட்ஸ் அணியின் தலைவராகப் புரோ கபடிக் கோப்பையை வென்றது நினைவிருக்கலாம். அந்த வயதில் கால்கள் இருபது வயதுபோல ஓடா. சரியான சங்கிலியில் நின்றால் ஓட வேண்டிய தேவையே குறைவு.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். தொடப்பட்டோ பிடிபட்டோ வெளியேறிய ஆட்டக்காரர், தம் அணி எதிராளி ஒருவரை வெளியேற்றினால்தான் மீண்டும் களத்துக்குள் வர முடியும். கோடி ரூபாய் ரைடர் பிடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்கும்போது அவரை உயிர்ப்பிப்பது பெரும்பாலும் அந்தச் சங்கிலிதான். ஆனால் புள்ளிப் பட்டியலில் அந்தப் பிடி ஒருவர் பெயரில்தான் ஏறும். முதலில் பற்றியவர் பெயர் வரும். வழியை அடைத்தவரும், இடுப்பைக் கட்டியவரும், காலை வாரியவரும் அங்கே இல்லை.

* * *

இதைப் பொதுக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. அந்த ஆண்டு நான் வேலைபார்த்த கல்லூரியில் கபடி அணிக்குத் தேர்வு நடந்தது. ஆசிரியர் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். விளையாட்டில் எனக்கு அறிவு இருந்ததால் அல்ல, குழுவுக்கு ஐவர் வேண்டும் என்பதால். தேர்வு முறை எளிது. ஒவ்வொருவரும் மூன்று முறை பாடிப் போக வேண்டும்; பிறகு ஒருவருக்கு ஒருவர் நின்று பிடிக்க வேண்டும். ஒரு தாளில் புள்ளிகள் குறிக்கப்பட்டன. திருமழிசைப் பையன் மூன்று ரைடிலும் பிடிபட்டான். ஒற்றைக்கு ஒற்றை நின்றபோது தனக்கு எதிரே வந்தவனின் கணுக்காலை இரண்டு முறை பற்றினான். வழியை அடைக்க யாருமில்லாததால் இரண்டு முறையும் இழுத்துச் செல்லப்பட்டான். பூச்சியம்.

பட்டியலில் அவன் பெயர் இல்லை. அதன் அடியில் ஐந்து கையெழுத்துகள் உண்டு, நான்காவது என்னுடையது. சங்கிலியில் நிற்கத் தெரிந்தவனைச் சங்கிலி இல்லாமல் நிறுத்திவைத்து அளந்தோம் என்பது அப்போது உறைக்கவில்லை. அளந்த முறை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது; ஆகவே நியாயமானது என்று நம்பினேன்.

கல்லூரி அணியில் இடம் என்பது வெறும் சீருடை அல்ல. அங்கிருந்து பல்கலைக்கழக அணி, அங்கிருந்து சான்றிதழ், சான்றிதழிலிருந்து வேலை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் காவல்துறையும் வங்கிகளும் கபடி அணிகள் வைத்திருக்கின்றன. அப்பா கூலிக்குப் போகும் வீட்டில் அந்த முதல் பட்டியல் ஒரு வாசல். அதை நாங்கள் ஐந்து பேர் ஒரு பிற்பகலில் சாத்தினோம்.

* * *

அடுத்த ஆண்டே, 2014இல், புரோ கபடி லீக் தொடங்கியது. கபடிக்குப் பணமும் வெளிச்சமும் வந்தன. மண் போய் மேட் வந்தது. 2017இல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தது. அந்த அணியின் இரண்டு தொடர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும்.

2019 தொடரில் அந்த அணியில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் எல்லோரும் இருந்தார்கள். பெயர்களைப் படித்தாலே கைதட்டத் தோன்றும். 12 அணிகளில் கடைசி இடம் கிடைத்தது. 2022 தொடருக்கு முன் நடந்த ஏலத்தில் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்ச ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை எந்தக் கபடி வீரருக்கும் கொடுக்கப்படாத விலை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் காயம், தொடரே முடிந்துவிட்டது. இனி இந்த அணி எழாது என்று நானும் நினைத்தேன். ஆனால் முதல் நான்கு தொடர்களில் ஒருமுறைகூட அடுத்த சுற்றைக் காணாத தலைவாஸ் அந்த ஆண்டுதான் அரையிறுதிக்குப் போயிற்று. உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சமனாகி, டை பிரேக்கரில் 6-4 என்று வென்று போயிற்று. அரையிறுதியில் புனேரி பல்டனிடம் இரண்டு புள்ளிகளில் தோற்றது.

அந்தத் தொடரில் நரேந்தர் என்ற புது ரைடர் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார்; அதை மறைத்துவிட்டு நான் வாதாட விரும்பவில்லை. ஆனால் அவர் திரும்பத் திரும்பக் களத்துக்குள் வர முடிந்ததற்குக் காரணம் பின்னால் நின்ற சங்கிலி. மூலைகளில் சாகர் ராத்தியும் சாகில் குலியாவும், கவர் இடங்களில் மோகித்தும் நம் அபிஷேக்கும். ஏலக்கூடத்தில் பரபரப்பை எழுப்பிய பெயர்கள் அல்ல இவை. சேர்ந்து நின்று பழகிய பெயர்கள்.

நாட்டின் அணிக்கும் இந்தப் பாடம் கிடைத்தது. ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்ட 1990 முதல் 2014 வரை ஏழு முறையும் ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே. 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் நம்மை 27-18 என்று வீழ்த்தியது. புகழ்பெற்ற ரைடர்கள் நம்மிடம் இருந்தார்கள். ஈரானிடம் பிடி இருந்தது.

* * *

டல்லஸில் வேலைபார்க்கும் பழைய மாணவர் ஒருவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "சார், இங்கே அமெரிக்கன் ஃபுட்பாலிலும் இதே கதைதான்" என்றார். எனக்கு அந்த ஆட்டத்தின் விதிகள் பாதிதான் புரியும். அவர் சொன்னதைக் கேட்டு, பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அங்கே கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் ஆண்டுதோறும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். முதல் சுற்றில் போனவன் பெருமைக்குரியவன். ஏழாவது சுற்றில் போனவன் அணியில் நிலைப்பதே ஐயம். 2014 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதியில் டென்வர் அணியும் சியாட்டில் அணியும் மோதின. டென்வர் அந்தப் பருவத்தில் 606 புள்ளிகள் குவித்துச் சாதனை படைத்த அணி. பீட்டன் மானிங் அதன் நட்சத்திரம். சியாட்டில் 43-8 என்று வென்றது. அதன் தடுப்பு வரிசையில் ரிச்சர்ட் ஷெர்மன் 154ஆவதாகத் தேர்வானவர், காம் சான்சலர் 133ஆவது. அன்றைய ஆட்டநாயகன் மால்கம் ஸ்மித் 242ஆவது. இருநூற்று நாற்பத்தொரு பேரை எடுத்த பிறகு எஞ்சியிருந்தவர்.

பயிற்சியாளர் பீட் கேரல் அமைத்த தடுப்பு முறையில் பின்களத்தை மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொருவரும் ஓர் ஆளைத் துரத்தாமல் ஓர் இடத்தைக் காப்பார்கள். அந்த முறையில் பக்கவாட்டில் நிற்பவனுக்கு மின்னல் வேகத்தைவிட உயரமும் நீண்ட கையும் கூடுதலாகப் பயன்படும். மற்ற அணிகள் வேகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது இவர்கள் உயரமானவர்களை மலிவாக எடுத்தார்கள். அமைப்பு தெளிவாக இருந்ததால், எதைத் தேட வேண்டும் என்பதும் தெளிவாக இருந்தது. ஆனால் நடுவில் பரந்த இடத்தைத் தனியே காத்த எர்ல் தாமஸ் முதல் சுற்றில் 14ஆவதாகத் தேர்வானவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா இடத்தையும் எளியவர்களைக் கொண்டே நிரப்பிவிட முடியாது. அச்சாணி ஒன்று வேண்டியிருக்கிறது.

* * *

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பு. அமைப்புதான் ஆளை உயர்த்துகிறது என்றால், ஆளுக்கென்று என்ன மதிப்பு? இன்றைக்கு ஒரு கார்னர், நாளைக்கு இன்னொரு கார்னர். அமைப்பை வைத்திருப்பவன் ஆளை மாற்றிக்கொண்டே போகலாம். கூலியும் குறைவாகக் கொடுக்கலாம். சிட்கோ பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியிடம் சொல்லப்படுவதும் இதுதானே? 'எந்திரம் ஓடும், நீ இல்லாவிட்டால் இன்னொருத்தன்.' சியாட்டிலின் அதே தடுப்பு வரிசையில் நின்ற பைரன் மாக்ஸ்வெல் 2015இல் பெருந்தொகைக்குப் பிலடெல்பியா சென்றார். ஒரே பருவத்தில் அந்த அணி அவரைக் கைமாற்றிவிட்டது. அவர் திறமையெல்லாம் அமைப்பின் திறமைதான் என்று அப்போது பேசினார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணுக்காலைப் பற்றுவதற்கான கணத்தை அமைப்பு சொல்லிக் கொடுக்க முடியாது; கையில் அதை உணர்கிறவன் ஒருவன் வேண்டும். பிலடெல்பியாவின் கதை காட்டுவது, ஆளைச் சங்கிலியிலிருந்து கழற்றி எடுத்துப் போய் வேறிடத்தில் மாட்டினால் இருவருக்கும் நட்டம் என்பதைத்தான். ஆளும் அமைப்பும் ஒன்றையொன்று உண்டாக்கிக்கொள்கின்றன. செய்யுளில் தளை தட்டாமல் நிற்கும் சீரைப் பற்றி நாம் இப்படித்தானே பேசுகிறோம்? தனியே எடுத்துப் பார்த்தால் அது வெறும் சொல். ஆனால் அந்த இடத்தில் வேறு எந்தச் சொல்லையும் வைத்துவிட முடிவதில்லை.

குறை அமைப்பில் இல்லை, கணக்கேட்டில் இருக்கிறது என்பதே என் கட்சி. சங்கிலி நால்வரால் ஆனது. ஏடு ஒருவரை மட்டும் எழுதுகிறது. பிறகு அந்த ஏட்டை வைத்துக்கொண்டு நாம் தேர்வு செய்கிறோம், விலை வைக்கிறோம், வேலை கொடுக்கிறோம்.

மாற்றுவதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. கல்லூரித் தேர்வுகளில் பிடிப்பவர்களைத் தனித்தனியே நிறுத்தாமல் நால்வர் நால்வராக, ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்க்கலாம். எவன் நின்றபோதெல்லாம் சங்கிலி பிடித்தது என்பது ஒரு மாலையில் தெரிந்துவிடும். புள்ளி எழுதுகிறவர் முதலில் பற்றியவரோடு வழியடைத்தவர் பெயரையும் ஒரு கட்டத்தில் குறிக்கலாம். தேர்வுக் குழுவில் என்னைப் போன்ற கையெழுத்துக்காரர்களுக்குப் பதிலாக, மூலையில் நின்று முட்டி தேய்ந்த ஒருவரை உட்கார வைக்கலாம். இன்று நான் பணியாற்றும் இடத்தில் முதல் யோசனையை இரண்டாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். வற்புறுத்தியதில் எனக்கும் பங்குண்டு. 2013க்கு அது ஈடாகாது.

அந்தப் பையனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. பட்டம் முடித்தான். பேட்டையில் ஒரு பட்டறையில் ஷிப்டு வேலை. ஊர் அணிக்கு இன்னும் ஆடுகிறான். சில ஆண்டுகளுக்கு முன் காணும் பொங்கல் இரவில் மின்விளக்குக் கபடி பார்க்கப் போயிருந்தேன். கடைசி நிமிடங்களில் அவன் பக்கம் மூன்று பேர்தான் மிச்சம். அந்த நிலையில் பிடித்தால் இரண்டு புள்ளி. எதிரணியின் நல்ல ரைடர் உள்ளே வந்தான். இவன் இடது மூலையில் குனிந்து, பக்கத்தில் நின்ற பதினேழு வயதுப் பையனின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றான். பற்றினான். சின்னவன் பாய்ந்து வழியை அடைத்தான். ஒலிபெருக்கியில் சின்னவன் பெயரைச் சொன்னார்கள். இவன் எழுந்து அவன் முதுகில் தட்டினான்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தவன் என்னைக் கண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி அருகில் வந்தான்.

"நல்லா இருக்கீங்களா ஐயா? நொச்சித் திணை இன்னும் நடத்துறீங்களா?"

நடத்துகிறேன் என்றேன். அன்றைய பட்டியலைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது. அதற்குள் அடுத்த ஆட்டத்துக்கு விசில் ஊதிவிட்டார்கள். அவன் சின்னப் பையன்களை வரிசைப்படுத்தப் போய்விட்டான். அங்கே சொல்லாததை இங்கே எழுதியிருக்கிறேன்.